தள்ளிக்கொண்டு வந்தால் செல்லாது

பழைய புல்லட் ஒன்று வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்கு?" என்பதுதான். எனக்கு என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரசத்த ஊத்து" என்றார். ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால் அவர் ரசத்துக்குப் போய்விடுவார். கல்யாணம் ஆன நாளாய் அப்படித்தான்.

எங்களுக்கு இராஜபாளையத்தில் சின்னதாக ஒரு பேண்டேஜ் யூனிட் இருக்கிறது. வெளுத்து வரும் துணியை வெட்டி, சுருட்டி, பொட்டலம் போட்டு அனுப்புவது வேலை. கணக்கும் ஆட்களும் என் பொறுப்பு, துணியின் சுத்தம் அவர் பொறுப்பு. அவருடைய சுத்தம் லேசுப்பட்டதல்ல. சரக்கு அடுக்கும் எங்கள் கிட்டங்கியில் திறந்த வாயோடு ஒரு டப்பாகூட இருக்கக் கூடாது. தண்ணீர்க் குடத்தின் வாயில், பேண்டேஜ் செய்யும் காஸ் துணி கட்டியிருக்கும். பேனா நிற்கும் குவளைக்குக்கூட ஒரு துணித் தொப்பி தைத்து வைத்திருக்கிறார். காயம்பட்டவன் உடம்பில் போய்ப் படும் துணி, தூசி ஆகாது, வாடை ஆகாது என்பார். அதில் நியாயம் இருக்கிறது. எங்கள் துணி ஈரத்தைக் குடிப்பதற்கென்றே செய்தது, அதனால் வாடையையும் சேர்த்துக் குடிக்கும். ஒருமுறை பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு கொதித்த பாவத்துக்கு ஒரு பேல் முழுவதும் திரும்பி வந்தது.

எனக்கு வேறு வியாதி. எந்த எந்திரத்தைப் பார்த்தாலும் அது ஏன் அப்படிச் செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும். மிக்ஸியைப் பிரித்துப் போட்டுவிட்டு, பூட்டத் தெரியாமல் ஒரு வாரம் அம்மியில் அரைத்தவள் நான். ஐம்பதை நெருங்கியும் குணம் மாறவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதியை ஒட்டிய ஒரு தெருவில் கல்யாண வீடு. பந்திக்குக் கூட்டமாக இருந்ததால் செத்த நேரம் தெருவில் நடந்தேன். இரண்டு வீடு தள்ளி ஒரு பக்கவாட்டுச் சந்தில், ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே, பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு ஏதோ நின்றது. முன்சக்கரம் மட்டும் வெளியே தெரிந்தது. கேட்காமல் உள்ளே போய் வேட்டியைத் தூக்கிப் பார்த்தேன். புல்லட். ஆனால் கியர் மிதி வலது காலில், பிரேக் இடது காலில். நான் பார்த்த வண்டிகளுக்கெல்லாம் இது தலைகீழ். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல்.

"யாரு? என்ன வேணும்?"

நெற்றியில் திருமண்ணோடு ஒரு பெரியவர். நான் யாரென்று சொல்வதற்கு முன்பே, "இதுக்கு ஏங்க கியர் வலது பக்கம் இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைச் சற்றுப் பார்த்தார். "அந்த வருஷத்து வண்டியெல்லாம் அப்படித்தான் வரும்" என்றார். பிறகு ஏதோ தோன்றியதுபோல, "உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?" என்றார். தெரியாது, கற்றுக்கொள்வேன் என்றேன். பந்தியில் நான் உட்காரவே இல்லை.

வண்டி ஓடி வருடக்கணக்காகிவிட்டது என்றார். கோயில் பூஜைக்குத் துளசியும் பூவும் அவர் தோட்டத்திலிருந்து போகும். அதைக் கொண்டு போன வண்டி. முழங்கால் தேய்ந்த பிறகு நிறுத்தியது நின்றதுதான். கேட்டு வந்தவர்கள் நிறையப் பேர். ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை. அவர் சொந்தக்காரர் ஒருவர் இதே மாதிரி வண்டியைக் கொடுக்க, வாங்கியவர் அதைப் பாகம் பாகமாகப் பிரித்து விற்றுவிட்டாராம்.

"ஒரு பேச்சு" என்றார். "வண்டிய எடுத்துண்டு போங்கோ. சரி பண்ணுங்கோ. ஆடிப்பூரத் தேருக்குள்ள அது தானா ஓடி வந்து இந்த வாசல்ல நின்னுட்டா, வண்டிப் புத்தகத்துல கையெழுத்துப் போட்டுத் தரேன், உங்களோடது. வரலைன்னா என்னோடது. கொடுத்த பணத்தத் திருப்பி வாங்கிண்டு போயிடணும். தள்ளிண்டு வந்தா செல்லாது. லாரியில ஏத்திண்டு வந்தா செல்லாது."

இப்படி ஒரு வியாபாரத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அவர் பேச்சில் விளையாட்டு இல்லை. சரி என்று கைகூப்பினேன். மறுநாள் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வண்டியைச் சாய்ப்பிலிருந்து வெளியே தள்ளியபோது தரையில் கறுப்பாக ஒரு பெரிய எண்ணெய்க் கறை தெரிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர வண்டி போவதைப் பார்க்கவில்லை.

எங்கள் தெருக்கோடியில் மெக்கானிக் தம்பி ஒருவர் இருக்கிறார். போனில் வீட்டுக்காரியிடம் தெலுங்கிலும் என்னிடம் தமிழிலும் ஒரே மூச்சில் பேசுவார். சாயங்காலங்களில் யூனிட்டை மூடிவிட்டு அவரிடம் போய் உட்கார்ந்துவிடுவேன். எஞ்சினை அவர் பிரித்தார், மற்றதை எல்லாம் நான் பிரித்தேன். பெட்ரோல் டேங்க்குக்குள் துரு. சல்லிக்கல்லும் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, தோள்பட்டை இறங்கிவிட்டது. என் கணவர் அதற்கு எங்கள் பேண்டேஜையே சுற்றிவிட்டு, "சொந்தச் சரக்கு, காசு வேண்டாம்" என்றார்.

பழைய வண்டியைப் பிரிப்பதில் எனக்குப் பிடித்தது தேய்மானம். பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது, கியர் மிதி ரப்பர் அவ்வளவு தேயவில்லை. ஆக, பெரியவர் கியர் மாற்றச் சோம்பல்பட்டு, பிரேக்கிலேயே ஓட்டியிருக்கிறார். ஹார்ன் பட்டன் மழுங்கிப் போயிருந்தது. தெருவையே அலறவிட்டிருப்பார் போல. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் இரண்டு ரப்பர்களும் மட்டும் கடையில் வாங்கியபடி இருந்தன, அச்சுக் கோடுகூட அழியவில்லை. பூக்கூடை வைத்த தழும்பு கேரியரில் இருந்தது. ஆள் உட்கார்ந்த அடையாளம் எங்கும் இல்லை. இத்தனை வருடத்தில் ஒருத்தர்கூடவா பின்னால் ஏறவில்லை என்று யோசித்துக்கொண்டே அந்த ரப்பர்களைக் கழுவி வைத்தேன்.

எஞ்சின் பூட்டியதும், டேங்க்கில் அடித்த பெயின்ட் காயட்டும் என்று, தம்பி ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, அதிலிருந்து ட்யூப் போட்டு வண்டியைக் கிளப்பினார். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் வண்டி யோசிக்கிறதோ என்று தோன்றும். நான் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டிவிட்டேன்.

கிளப்பக் கற்றுக்கொள்ளவே எனக்கு நாளாயிற்று. பலம் இருந்தால் போதாது. ஹெட்லைட் மேல் ஒரு குட்டி மீட்டர், அதில் ஒரு முள். கிக்கரை மெதுவாக அமுக்கினால் முள் இடது பக்கம் சாயும், பிறகு நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்ததும் கைப்பிடிக்குக் கீழே உள்ள சின்ன லீவரைப் பிடித்து, துளி அமுக்கி, விட்டுவிட்டு, அப்புறம்தான் மிதிக்க வேண்டும். முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். என் கணுக்கால் கன்றிப்போன நாளில் இவர் ஐஸ் வைத்துக்கொண்டே, "எம்புட்டு வண்டி இருக்கு ஊருல, ஒதைக்கிற வண்டியத்தான் தேடிப் புடிச்சிருக்க" என்றார். எனக்கு அந்த முள் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. கரண்டைக் காட்டும் முள்ளுக்கு பிஸ்டன் இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது என்று தம்பியைக் குடைந்து, பாயின்ட் என்கிற சின்ன சுவிட்ச் எஞ்சினோடு சேர்ந்து மூடும்போதும் திறக்கும்போதும் கரண்டு மாறுவதை நேரில் பார்த்த பிறகுதான் தூங்கினேன்.

வண்டி வீட்டுக்கு வந்தது. வீடென்றால் கிட்டங்கிதான், வேறு இடமில்லை. பொட்டலங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. இவர் முகம் சுண்டிப்போனது. டேங்க் மூடியில் ஒரு பொடி ஓட்டை இருந்தது. வாடை அது வழியாக வந்தது. போதாததற்கு வண்டி குலுங்கும்போது அதில் பெட்ரோல் கசிந்து புதுப் பெயின்ட்டில் வழிந்தது.

மத்தியானம் நான் வருவதற்குள் இவர் வேலையை முடித்துவிட்டார். எங்கள் காஸ் துணியை நாலாக மடித்து, மூடியின் அளவுக்கு வட்டமாக வெட்டி, துணி சோப்பைக் குழைத்து அதில் ஏற்றி, மூடிக்கு உள்ளே அழுத்திக் காயவிட்டிருந்தார். பெட்ரோலில் சோப்பு கரையாது என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒழுகுகிற டேங்க்கில் சோப்பை அப்பாதவர் யார்? வட்டம் அப்படிக் கச்சிதமாக இருந்தது. வாடை போன இடம் தெரியவில்லை. கெட்டிக்காரர்தான் என்று நானே மெச்சினேன். அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

ஆனி பாதியில் முதல் முறை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினேன். டேங்க்கில் பாதி பெட்ரோல். இவர் எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் சத்தமில்லாமல் பின்னால் வந்தார். பாதி வழி தாண்டினோம். மலை இடது பக்கத்தில் கூடவே வந்தது. பயம் விட்டுப் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்த நேரம், வண்டி இரண்டு தரம் இழுத்துவிட்டு அடங்கிப்போனது. இறங்கி மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் இருந்தது. மூடினேன். ப்ளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். செத்த நேரம் நின்றுவிட்டு மிதித்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. பெரியவர் தெருமுனையில் வண்டி மறுபடி நின்று மானம் போவதற்குப் பதில் திரும்பிவிட்டேன்.

தம்பி கேட்டுவிட்டு, "பொறி குடுக்குற காயில் சூடாகுதுக்கா. ஆறுன பொறவு கிளம்புதுல்ல, அப்ப காயில்தான்" என்றார். புதுக் காயில் போட்டோம். அடுத்த முறை பெட்ரோலையாவது குறை சொல்ல முடியாதபடி டேங்க்கைக் கழுத்து வரை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். இந்தத் தடவை ஊர் எல்லை தாண்டியதுமே நின்றுவிட்டது. மூடியைத் திறந்தேன், பெட்ரோல் தளும்பியது. மூடினேன், கிளம்பியது. கூப்பிடு தூரம் போய் மறுபடி நின்றது. பாதி இருந்தபோது வெகுதூரம் ஓடியது, நிறைய இருக்கும்போது உடனே நிற்கிறது. இது என்ன நியாயம்? வயிறு நிறைந்தால் வேலை செய்யாதவர்களை யூனிட்டில் பார்த்திருக்கிறேன், வண்டியில் பார்த்ததில்லை.

கண்டென்சர் மாற்றினார் தம்பி. பாயின்ட் மாற்றினார். டேங்க்கைக் கழற்றிவிட்டு பாட்டிலைத் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்தால் தென்காசி ரோட்டில் எவ்வளவு தூரம் போனாலும் நிற்காது. "என்னட்ட நல்லாத்தானக்கா ஓடுது" என்று அவர் சொல்லும்போது, எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி இருக்கும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதைவிட, ஏன் நிற்கிறது என்ற கேள்வி சோற்றில் கிடக்கும் கல்லாக உறுத்தியது. ஆடி பிறந்துவிட்டது. தேர்நாள் நெருங்க நெருங்க, வண்டியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும் போல என்று தோன்றியது. கிட்டங்கியில் அது நின்ற இடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவேன். இவர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

தேருக்கு முதல் நாள் காலையில், "நானும் வாரேன்" என்றார்.

"ஸ்கூட்டர்லயா?"

"உம் பின்னாலதான். நின்னா தள்ள ஆளு வேண்டாமா?"

"தள்ளுனா செல்லாதுங்க."

"அவிய பார்க்கவா போறாவ?" என்று சொல்லிவிட்டு, நான் முறைத்ததும், "சரி, தள்ளல, சும்மா வாரேன்" என்றார். நான் கழுவி வைத்த அந்தத் தேயாத ரப்பர்களில் கால் வைத்து ஏறினார். முந்தின இரவு மழையில் செருப்பெல்லாம் சேறு.

பங்கில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். சாலையில் தேருக்குப் போகிற கூட்டம். சொல்லிவைத்த மாதிரி, ஊரைத் தாண்டியதும் வண்டி இழுத்து இழுத்து நின்றது. இப்போதுதான் நிரப்பியது என்பதால் மூடியைத் திறக்கவில்லை. சூடு ஆறட்டும் என்று நின்றோம். டவுன் பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். ஆறியது. முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து மிதித்தேன். கிளம்பவில்லை. மறுபடி. கிளம்பவில்லை. ஆறினால் கிளம்ப வேண்டுமே? ஒவ்வொரு தடவையும் கிளம்பியதே. இன்றைக்கு மட்டும் என்ன செய்தேன், அல்லது என்ன செய்யவில்லை?

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. பெட்ரோல் ட்யூபைக் கார்புரேட்டரிலிருந்து பிடுங்கினேன். பெட்ரோல் டேப் திறந்துதான் இருக்கிறது. ஒரு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான். டேங்க் நிறைய பெட்ரோலை வைத்துக்கொண்டு ட்யூபில் ஒன்றும் வரவில்லை.

"பெட்ரோல் வரலைங்க. டேங்க்ல இருக்கான்னு பாருங்க."

"இப்பத்தானட்டி போட்டோம்" என்றபடி அவர் மூடியைத் திருகினார்.

உஸ்ஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. அதே நொடி என் உள்ளங்கையில் பெட்ரோல் பீறிட்டு அடித்தது.

நான் என் கையைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த மூடியைப் பார்த்தார். உள்ளே அவருடைய கச்சிதமான வட்டம். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் இறங்காது, எதிர்ப்பக்கம் இன்னொன்று போட்டால்தான் இறங்கும். அடுப்படியில் நான் ஆயிரம் தடவை செய்த வேலை. நிறைந்த டேங்க்கில் காற்றுக்கு இடம் குறைவு, அதனால் சீக்கிரம் நின்றது. பாட்டிலுக்கு மூடியே கிடையாது, அதனால் நிற்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து, நானே அதற்கு மூச்சு கொடுத்து, காயில் ஆறிவிட்டது என்று நினைத்திருக்கிறேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே நொடியில் விடை கிடைத்த சந்தோஷத்தில், திட்ட வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

"துணிக்கு வாடை போகக் கூடாதுன்னுதான..." என்று அவர் ஆரம்பித்தார்.

"ஏங்க, வாயையும் மூக்கையும் சேத்துக் கட்டிட்டு ஓடுன்னா எப்படிங்க ஓடும்?"

அவர் சாவிமுனையால் அந்தச் சோப்பு வட்டத்தைச் சுரண்டி எடுத்தார். எறிய மனம் வராமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் வண்டி எங்கேயும் நிற்கவில்லை. ஓட்டையிலிருந்து பெட்ரோல் தெறித்துப் புதுப் பெயின்ட்டில் வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன். பெரியவரைப் போலவே ஹார்ன் அடித்துக்கொண்டு, கூட்டத்தில் நெளிந்து நெளிந்து ஊருக்குள் நுழைந்தோம்.

சத்தம் கேட்டு அவர் வாசலுக்கு வந்துவிட்டார். எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினேன், சந்தேகம் வேண்டாம் என்று.

"வந்துடுத்தா" என்றார்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டேங்க்கைத் தொடவில்லை. பின்பக்கம் குனிந்து சேறு அப்பியிருந்த ரப்பரை விரலால் தொட்டுப் பார்த்தார். "பின்னால ஆள் உட்காந்து வந்திருக்கா" என்றார், யாரிடமும் சொல்லாதது போல. பிறகு உள்ளே போய் வண்டிப் புத்தகத்தைக் கொண்டுவந்து, சொன்னபடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கையெல்லாம் பெட்ரோல். கழுவிக்கொள்ளலாமா என்று கேட்டேன். பக்கவாட்டுச் சந்தில் குழாய் இருக்கிறது என்றார். போனேன்.

சாய்ப்புக்குக் கீழே தரையைக் கூட்டிக் கழுவியிருந்தது. அந்தப் பழைய எண்ணெய்க் கறையைத் தேய்த்துத் தேய்த்து வெளிறவைத்திருந்தார்கள். வேட்டியைத் துவைத்து மடித்து ஒரு ஓரமாக வைத்திருந்தது. எஞ்சின் வந்து நிற்கும் இடத்தில், அளவாக வெட்டிய புது அட்டை ஒன்று விரித்திருந்தது.

குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். நான் வெல்ல வேண்டும் என்று பாடுபட்ட அத்தனை நாளும், பெரியவர் இங்கே அது திரும்பி வரும் என்று இடம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்து, "ஐயா, நீங்க வேணும்னா..." என்று ஆரம்பித்தேன்.

"பேச்சு பேச்சுதான்" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் நான் எதைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சந்துக்குள் போனார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்த அட்டையை எடுத்துத் தூசி தட்டிக் கொண்டுவந்து என் கணவர் கையில் கொடுத்தார்.

"எடுத்துண்டு போங்கோ. நின்னா எண்ணெ சொட்டும். இடது பக்கமாப் போடணும்."

திரும்பி வரும் வழி முழுக்க இவர் அதைக் காற்றில் பறந்துவிடாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டியைக் கிட்டங்கியில் நிறுத்திவிட்டு, சொன்னபடி இடது பக்கமாக அட்டையை விரித்தேன். அதில் ஒரு சொட்டுக் கறைகூட இல்லை.